'வருகிறேன்' என்று சொன்ன ஊர்

வாசக நேயர்களே, உங்களை ஒரு கேள்வி கேட்கட்டுமா? ஒரு வீட்டை விட்டுப் புறப்படும்போது வாசற்படியில் நின்றுகொண்டு, "போகிறேன்" என்று சொல்வீர்களா? மாட்டீர்கள். "போய்விட்டு வருகிறேன்" என்றுதான் சொல்வீர்கள். வாய் தவறிப் "போகிறேன்" என்று சொல்லிவிட்டால், வீட்டில் உள்ள பாட்டி பின்னாலேயே ஓடிவந்து, "வருகிறேன் என்று சொல்லடி, அசடே!" என்று திருத்துவாள். திரும்பி வருகிற உத்தேசம் எள்ளளவும் இல்லாவிட்டாலும் அப்படிச் சொல்வதுதான் நம் மரியாதை.

நானும் ஒரு வீட்டு வாசலில் அப்படிச் சொன்னேன். சொல்லி ஏழரை வருஷம் ஆயிற்று. ஏழரை வருஷம் என்றால் சனீசுவரனே ஒரு முறை வந்துவிட்டுப் போகிற காலம் அல்லவா? நான் மட்டும் திரும்பிப் போகவில்லை. அந்தக் கடன் எப்படித் தீர்ந்தது என்பதைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

நான் பத்திரிகை ஆபீஸில் வேலை பார்க்கிறவள். மற்றவர்கள் எழுதும் பிரயாணக் கட்டுரைகளுக்குக் காற்புள்ளி, அரைப்புள்ளி வைத்தே என்னுடைய விடுமுறைகள் கழிந்துவிட்டன. என் கணவர் பாங்கு அதிகாரி. வருஷம் முழுவதும் பிறத்தியார் பணத்துக்குக் கணக்குப் பார்த்துவிட்டு, வீட்டுக் கணக்கு என்றதும் கொட்டாவி விடுகிறவர். இப்படிப்பட்ட எங்கள் இருவருக்கும் 2025 ஜனவரியில், பொங்கலை ஒட்டிச் சேர்ந்தாற்போல் லீவு கிடைத்தது. எங்கள் ஆசிரியர், "தாராளமாகப் போய் வாருங்கள். ஆனால் வெறுங்கையோடு வரக் கூடாது. ஒரு கட்டுரை வேண்டும்" என்றார். ஆசிரியர்களின் தாராளம் எப்போதும் இந்த அளவில்தான் இருக்கும்.

"ஊட்டியா, கொடைக்கானலா?" என்று கேட்டேன்.

"கல்கத்தா" என்றார் என் கணவர்.

எனக்குத் திக்கென்றது. "கல்கத்தா என்று ஓர் ஊரே இப்போது கிடையாது. 2001-லேயே கொல்கத்தா என்று மாற்றிவிட்டார்கள்" என்று சொல்லிப் பேச்சைத் திருப்பப் பார்த்தேன்.

"பெயரை மாற்றினால் என்ன? ஊரை அங்கேயேதான் வைத்திருக்கிறார்கள்" என்றார் அவர், சிரிக்காமல்.

குளிரைச் சொன்னேன். தூரத்தைச் சொன்னேன். ஐந்து வயதுக் குழந்தையைக் காரணம் காட்டினேன். குழந்தையோ, திருச்சியில் தாத்தா வீட்டில்தான் பொங்கல் என்று சென்ற தீபாவளியன்றே முடிவு செய்திருந்தாள். "பொங்கலும் அதுவுமாக ஊரில் இல்லாமல் அப்படி என்ன யாத்திரை?" என்று என் அம்மா கடிந்துகொண்டாள். அம்மா என்னவோ எனக்குத் துணையாகத்தான் பேசினாள். ஆனால் என் கணவர் அதற்குள் டிக்கெட் வாங்கிவிட்டார்.

நான் சொல்லாத காரணம் ஒன்று இருந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

* * *

நாங்கள் கல்கத்தாவுக்குக் குடித்தனம் போனது 2013-ம் வருஷம். அப்போது கல்யாணமாகி இரண்டு மாதம். அவருக்கு அங்கே மாற்றல். தெற்குக் கல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கத்தில் ஜாகை கிடைத்தது. அந்தப் பேட்டையைப் பற்றி உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். மூன்று நான்கு தலைமுறையாகத் தமிழர்கள் குடியிருக்கும் இடம். கறிவேப்பிலை, வாழை இலை, முருங்கைக்காய், காப்பிப் பொடி, மல்லிகைச் சரம் எல்லாம் கிடைக்கும். "கல்கத்தா என்று பெயர்தான். மாம்பலத்தில் இருப்பதுபோல் இருக்கலாம்" என்று யாரோ சொன்னதை நம்பி ரயில் ஏறினேன்.

மாம்பலம் கடைத்தெருவோடு முடிந்துவிட்டது. எங்கள் சந்துக்குள் நுழைந்தால் சுத்த வங்காளம். பழைய மாடி வீடு. சிவப்புச் சிமெண்டுத் தரை. பச்சை வர்ணம் அடித்த மரச்சட்ட ஜன்னல்கள். வாசலில் நம் ஊர்த் திண்ணையைப் போல ஒரு மேடை. அதற்கு 'ரோக்' என்று பெயர். சாயங்காலமானால் தெருவிலுள்ள கிழவர்கள் எல்லோரும் அதில் உட்கார்ந்து கால்பந்தையும் அரசியலையும் ஒரு கை பார்ப்பார்கள். மாடியில் நாங்கள். கீழே வீட்டுக்கார அம்மாள். அவரை நாங்கள் 'மாஷிமா' என்று கூப்பிடுவோம். அம்மாவின் சகோதரியை அழைக்கும் முறை அது. நம் 'சின்னம்மா' மாதிரி. அவர் என்னைப் 'பௌமா' என்பார். மருமகளே என்று அர்த்தம்.

மாஷிமாவுக்கு அப்போது எழுபதை நெருங்கும் வயது. கணவர் காலமாகிப் பல வருஷம் ஆகியிருந்தது. ஒரே பிள்ளை அமெரிக்காவில். வங்காளத்தில் மீன் இல்லாத சமையல் உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. பழைய குடும்பங்களில் கணவனை இழந்த பெண்கள் மீனைத் தொடுவதில்லை. அந்தக் கொடுமையான கட்டுப்பாட்டுக்குள் அடைபட்ட பெண்கள், வாழைப்பூவையும் பூசணிக்கொடியையும் கசகசாவையும் வைத்துக்கொண்டே ஒரு தனிச் சமையலை உண்டாக்கியிருக்கிறார்கள். மாஷிமாவின் சமையல் அந்த வகை. நான் மரக்கறிக்காரி என்று தெரிந்ததும் அவருக்கு வந்த ஆனந்தத்தைச் சொல்லி முடியாது. "இத்தனை வருஷத்துக்குப் பிறகு என்னோடு ஒரே பானையில் சாப்பிட ஓர் ஆள் கிடைத்தது" என்றார். கடுகெண்ணெய் வாசனைக்கு என் மூக்கு பழக ஆறு மாதம் ஆயிற்று. என் ரசத்துக்கு அவர் நாக்கு பழக ஆறே நிமிஷம் ஆயிற்று.

நவராத்திரிக்கு நான் மாடியில் கொலு வைத்தேன். அதே நாட்களில் தெருமுனையில் துர்க்கா பூஜைப் பந்தல். மாஷிமா கொலுவைப் பார்த்துவிட்டு, "உங்கள் ஊரில் அம்மாவைப் படிக்கட்டில் உட்கார வைத்துவிடுகிறீர்களே!" என்று வியந்தார். நான் பந்தலுக்குப் போய், ஐந்து நாள் கொண்டாடிய சிலையைக் கங்கையில் கரைக்கிறார்களே என்று அழுதேன். அப்போதுதான் அவர் எனக்கு முதல் பாடம் சொல்லிக் கொடுத்தார். தேவியை வழியனுப்பும்போது "போய் வா" என்று சொல்வதில்லையாம். "வருகிற வருஷம் மறுபடி நடக்கும்" என்றுதான் எல்லோரும் கூவுவார்களாம்.

"மனிதர்களுக்கும் அதுதான், பௌமா. வீட்டை விட்டுக் கிளம்பும்போது 'ஜாச்சி' என்று சொல்லாதே. போகிறேன் என்று ஆகிவிடும். 'ஆஸ்சி' என்று சொல். வருகிறேன்."

"எங்கள் ஊரிலும் அப்படித்தான்!" என்று நான் துள்ளினேன். ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டருக்கு அப்பால் என் பாட்டியின் வார்த்தை எனக்காகக் காத்துக்கொண்டிருந்தது!

2017 ஜூன் மாதம், சென்னைக்கு மாற்றலாகிக் கிளம்பிய அன்று, அந்த ரோக்கின் பக்கத்தில் நின்று மாஷிமாவைக் கட்டிக்கொண்டு "ஆஸ்சி" என்றேன். டாக்ஸி திரும்பும் வரையில் கையை ஆட்டினேன். சென்னைக்கு வந்த புதிதில் வாரம் தவறாமல் டெலிபோனில் பேசினேன். பிறகு மாதம் ஒரு முறை ஆயிற்று. பிறகு நின்றே போய்விட்டது. எனக்குக் குழந்தை பிறந்ததைக்கூட நான் அவருக்குச் சொல்லவில்லை.

நன்றி கெட்டவள் என்று நினைக்கிறீர்கள் அல்லவா? நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

* * *

முதல் தடவை நாங்கள் போனது கோரமண்டல் எக்ஸ்பிரஸில். இப்போது அந்த வண்டி ஹௌராவுக்குப் போவதில்லை. ஷாலிமார் ஸ்டேஷனோடு நின்றுவிடுகிறது. "ஹௌராவில் இறங்காவிட்டால் கல்கத்தாவில் இறங்கினதாகவே அர்த்தமில்லை" என்பது என் கணவரின் சித்தாந்தம். ஆகவே ஹௌரா மெயிலில் போனோம். வழியெல்லாம் அவருக்கு ஒரே உற்சாகம். சில்கா ஏரி வந்தபோது, ஏதோ தாமே வெட்டிய குளம்போல என்னை ஜன்னலுக்கு இழுத்துக் காட்டினார். நான் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தை ஒரிஸ்ஸா முழுவதும் படித்தேன்.

வண்டி ஹௌராவை அடைந்தபோது ஊர் தூங்கிக்கொண்டிருந்தது. ஸ்டேஷன் மட்டும் தூங்கவில்லை. மகர சங்கராந்திக்குக் கங்காசாகரத்தில் ஸ்நானம் செய்யப் புறப்பட்ட யாத்திரீகர்கள் மூட்டையும் கம்பளியுமாகப் பிளாட்பாரமெங்கும் படுத்திருந்தார்கள். வெளியே ஒரு மஞ்சள் அம்பாஸடர் டாக்ஸி கிடைத்தது. அந்தக் கார் தயாரிப்பதை 2014-லேயே நிறுத்திவிட்டார்கள். பதினைந்து வருஷத்துக்கு மேற்பட்ட வண்டிகள் ஓடக் கூடாது என்ற விதியால் மிச்சமிருந்தவையும் ஒவ்வொன்றாகக் கழிந்துகொண்டிருந்தன. டிரைவர் கிழவர் ஸ்டீரிங்கைத் தட்டி, "எனக்கும் இதற்கும் ஒன்றாகத்தான் பென்ஷன்" என்றார்.

டாக்ஸி பாலத்தின் மேல் ஏறியது. 1943-ல் திறந்த பாலம். ஆற்றுக்கு நடுவே ஒரு தூண்கூட இல்லாமல், ஒரு திருகாணிகூடப் போடாமல், முழுக்க முழுக்க ஆணி அறைந்து இணைத்த இருபத்தாறாயிரம் டன் எஃகு. புது மணப்பெண்ணாக அதைக் கடந்தபோது, "எவ்வளவு பெரிசு!" என்று வாயைப் பிளந்தேன். இப்போது அதே பாலத்தில் கண்ணை மூடிக்கொண்டேன்.

"தூக்கமா?" என்றார் அவர்.

"ஆமாம்" என்றேன்.

* * *

மறுநாளும் அதற்கு மறுநாளும் நாங்கள் ஊர் சுற்றினோம். அவர் சுற்றினார், நான் கூடப் போனேன் என்று சொல்வதுதான் சரி.

முதலில் மெட்ரோ. இந்தியாவிலேயே முதன்முதலாக 1984-ல் ஓட ஆரம்பித்தது கல்கத்தாவில்தான் என்பது அவருக்குச் சொந்தப் பெருமை. இப்போது ஆற்றுக்கு அடியிலும் ஓடுகிறது. 2024 மார்ச்சில் திறந்தார்கள். காளிகாட்டில் ஏறி, எஸ்பிளனேடில் மாறி, ஹூக்ளியின் அடியில் போனோம். ஆறு வந்துவிட்டது என்று தெரிவதற்காகச் சுரங்கத்தில் நீல விளக்குப் போட்டிருக்கிறார்கள். "எண்ணு, எண்ணு" என்றார். நாற்பத்தைந்து எண்ணுவதற்குள் கங்கையைக் கடந்துவிட்டோம். படகில் கடக்கும்போது காற்று வரும், ஒரு கும்பிடு போட நேரம் இருக்கும். கீழே போனால் கும்பிடுவதற்குத் தலையை மேலே தூக்க வேண்டியிருக்கிறது!

பிறகு டிராம். 1902 முதல் மின்சாரத்தில் ஓடிய வண்டி. ஒரே ஒரு தடம் தவிர அதை நிறுத்திவிடப் போவதாக 2024-ல் சர்க்கார் அறிவித்திருந்தார்கள். ராஷ்பிஹாரி அவென்யூவில் தண்டவாளத்தின் அருகே அரை மணி நேரம் நின்றோம். வண்டி வரவில்லை. தண்டவாளத்தின்மேல் ஒரு நாய் நிம்மதியாகப் படுத்திருந்தது. அதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? பழைய லேக் மார்க்கெட் இருந்த இடத்திலும் பல மாடிக் கட்டடம் நிற்கிறது. கறிவேப்பிலைக்காரிகள் மட்டும் அதன் காலடியில் நடைபாதையில் உட்கார்ந்திருந்தார்கள்.

"அந்தக் கடையில்தான் உனக்கு முதல் வங்காளப் புடைவை வாங்கினேன். இந்த முனையில்தான் மழையில் மாட்டிக்கொண்டு முரிப் பொட்டலம் வாங்கித் தின்றோம். ஞாபகம் இருக்கிறதா?" என்று அவர் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே வந்தார். இருந்தது. ஆனால் எனக்கு ஞாபகம் இருந்த கல்கத்தா வேறு.

சகோதரிகளே, இப்போது அந்தக் காரணத்தைச் சொல்கிறேன்.

2016 ஆகஸ்டு மாதம். எனக்கு ஐந்தாவது மாதம் நடந்துகொண்டிருந்தது. அவர் பாங்கு வேலையாகச் சிலிகுரிக்குப் போயிருந்தார். மூன்று நாளாக விடாத மழை. கல்கத்தாவில் மழை பெய்தால் தெரு வாய்க்காலாகும். இரண்டு நாள் பெய்தால் வாய்க்கால் ஆறாகும். மூன்றாம் நாள் ராத்திரி எனக்கு வலி கண்டது. டாக்ஸி வராது; வந்தாலும் தண்ணீரில் நின்றுவிடும். மாஷிமா அந்த மழையில் தெருமுனைக்குப் போய் ஒரு கை ரிக்ஷாவை அழைத்து வந்தார். மனிதரை மனிதர் இழுப்பதா என்று நான் அந்த வண்டியில் அதுவரை ஏறியதே இல்லை. அன்று முழங்கால் தண்ணீரில் போகக் கூடியதாக அந்த ஊரில் அது ஒன்றுதான் இருந்தது. பீகாரிலிருந்து வந்த ஒரு கிழவர் இழுத்தார். எழுபது வயது மாஷிமா, வண்டியில் இடமிருந்தும் ஏறாமல், "பாரம் கூடினால் மெள்ளப் போகும்" என்று சொல்லி, என் கையைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் கூடவே நடந்து வந்தார்.

நர்ஸிங் ஹோமுக்கு நேரத்தில்தான் போய்ச் சேர்ந்தோம். டாக்டர்களும் தங்களால் ஆனதைச் செய்தார்கள். என்னைக் காப்பாற்றினார்கள்.

மறுநாள் காலை அவர் வந்தார். என் கட்டிலருகே நின்று, "டாக்டர் என்ன சொன்னார்?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். பத்து நாள் கழித்து ஆபீஸுக்குப் போனார். மாலையில் வந்ததும் காப்பி குடித்தார், பேப்பர் படித்தார். நான் மொட்டை மாடியில் துணி உலர்த்தும் கொடிக்கு நடுவே உட்கார்ந்து அழுதேன். மாஷிமா வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். ஒன்றும் பேச மாட்டார். அந்த வருஷம் முழுவதும் எனக்கு வார்த்தைகூட வேண்டியிருக்கவில்லை. பக்கத்தில் ஓர் ஆள் வேண்டியிருந்தது. அது அவராக இல்லாமல் போயிற்றே என்பதுதான் என் மனத்துக்குள் முள்ளாகத் தங்கிவிட்டது.

சென்னைக்கு வந்த பிறகு, மாஷிமாவின் குரல் டெலிபோனில் கேட்டாலே எனக்கு அந்த மழைச் சத்தம் கேட்கும். அதனால்தான் விட்டுவிட்டேன்.

* * *

இரண்டாம் நாள் சாயங்காலம் ஏரிக்கரைக்குப் போனோம். 1920-களில் வெட்டிய ஏரி. ரவீந்திர சரோவர் என்று பெயர். கரையெல்லாம் பெரிய பெரிய மரங்கள். பனி இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். மண் கோப்பையில் டீ வாங்கி வந்தார்.

"நாளைக்கு மாஷிமா வீட்டுக்குப் போகிறோம்" என்றார்.

"இருக்கிறாரோ, இல்லையோ! இத்தனை வருஷம் கழித்து எந்த முகத்தோடு போவது?"

"இருக்கிறார். வீடுதான் இல்லை."

நான் திரும்பிப் பார்த்தேன்.

"2021-ல் வீட்டை இடித்துவிட்டார்கள். கட்டுகிறவர்கள் அதே இடத்தில் ஐந்து மாடி கட்டி, அவருக்கு இரண்டாவது மாடியில் ஒரு பிளாட் கொடுத்திருக்கிறார்கள்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் கோப்பையைக் கையில் உருட்டிக்கொண்டே சொன்னார்: "வருஷா வருஷம் விஜயதசமியன்று நான் அவரோடு பேசுகிறேன். அன்றைக்குப் பெரியவர்களுக்கு நமஸ்காரம் சொல்வது இந்த ஊர் வழக்கம். குழந்தை பிறந்ததும் சொன்னேன். உன்னைப் பற்றி விசாரிக்காத வருஷம் கிடையாது."

எனக்குக் கோபம் வந்தது. "என்னிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"கல்கத்தா என்ற பேச்சை எடுத்தாலே நீ அடுக்களைக்குள் போய்விடுவாய். உனக்கு ஆறிக்கொண்டு வருகிறது, நான் கிளறக் கூடாது என்று நினைத்தேன்."

"எனக்கு ஆறிக்கொண்டு வந்ததா? உங்களுக்குத்தான் அன்றைக்கே ஆறிவிட்டதே! 'டாக்டர் என்ன சொன்னார்?' என்று கேட்டீர்களே, அதற்கு மேல் ஒரு வார்த்தை உண்டா?"

எட்டு வருஷத்துச் சொல். வாயிலிருந்து வந்துவிட்டது. ஏரிக்கரையில் நடந்துபோன இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்: "அன்று ராத்திரி டார்ஜிலிங் மெயிலில் ஏறினேன். பெர்த் இருந்தது. படுக்க முடியவில்லை. விடியும் வரையில் கதவருகில் நின்றுகொண்டே வந்தேன். ஸியால்டாவில் இறங்கி, எந்த ஆஸ்பத்திரி என்றுகூடத் தெரியாமல் வீட்டுக்கு ஓடினேன். உடை மாற்றிக்கொண்டு போவதற்காக மாஷிமா அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தார். என்னைப் பார்த்ததும் ரோக்கில் உட்கார வைத்தார். விஷயத்தைச் சொன்னார். நான் அங்கேயே, அந்தத் தெருவிலே, எல்லோரும் பார்க்க அழுதேன். அழுது முடிந்ததும் அவர் என் முகத்தைத் தம் முந்தானையால் துடைத்துவிட்டு, 'இங்கேயே எல்லாவற்றையும் அழுதுவிடு, பாபா. அவள் முன்னால் தைரியமாக நில்' என்றார். அப்படியே நின்றேன். தைரியமாக நிற்பது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. 'டாக்டர் என்ன சொன்னார்' என்பது ஒன்றுதான் வாயில் வந்தது. அப்புறம் அந்த நிற்பிலிருந்து எப்படி இறங்குவது என்றும் தெரியவில்லை."

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் அழுத ரோக்குக்கு நேர் மேலே, மூன்றாவது தளத்தில்தான் நான் அழுத மொட்டை மாடி. ஒரே வீட்டில், ஒரே படிக்கட்டின் இரண்டு முனைகளில் இரண்டு பேர் தனித்தனியே அழுதிருக்கிறோம். நடுவே அந்த வயதான அம்மாள் ஏறியும் இறங்கியும் இரண்டு பேருக்கும் துணையாக இருந்திருக்கிறார். நான் ஒரு கல்கத்தாவில் இருந்தேன், அவர் வேறொரு கல்கத்தாவில் இருந்தார். இரண்டுக்கும் வழி தெரிந்தவர் மாஷிமா ஒருவர்தான்.

டீ ஆறிவிட்டது. அவர் கோப்பையை வாங்கித் தரையில் வைத்துவிட்டு, என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் அதற்கு மேல் பேசவில்லை. பேச வேண்டியும் இருக்கவில்லை.

* * *

மறுநாள் ஜனவரி 14. நமக்குப் பொங்கல், அவர்களுக்குப் பௌஷ சங்கராந்தி. நமக்குப் புது அரிசி என்றால் அவர்களுக்கும் புது அரிசிதான். நாம் பொங்கல் வைக்கிறோம், அவர்கள் 'பிட்டே' செய்கிறார்கள். அரிசி மாவில் கிண்ணம் செய்து, தேங்காயும் வெல்லமும் பூரணமாக வைத்து ஆவியில் வேகவைப்பது அதில் ஒரு வகை. கொழுக்கட்டைதான் என்று சொல்லிவிடாதீர்கள். சண்டைக்கு வருவார்கள். வெல்லம் மட்டும் வேறு. குளிர்காலத்தில் ஈச்ச மரத்திலிருந்து பதநீர் இறக்கிக் காய்ச்சும் 'நொலேன் குர்'. அதன் மணத்தை எழுத்தில் கொடுக்க எனக்குச் சக்தி போதாது.

சந்து அப்படியே இருந்தது. வீடு இல்லை. பளபளவென்று ஐந்து மாடி. வாசலில் இரும்புக் கதவு, காவல்காரர், லிப்ட். ரோக் இருந்த இடத்தில் மோட்டார் சைக்கிள்கள். எனக்குக் கால் தயங்கியது. அவர் லிப்டின் பொத்தானை அழுத்திவிட்டு, "மூச்சு விடு" என்றார்.

கதவைத் திறந்தவர் மாஷிமாதான். எண்பதைத் தாண்டியிருந்தார். முதுகு வளைந்திருந்தது. கையில் தடி. என்னைப் பார்த்தார். நான் காலில் விழுந்தேன். எழுந்ததும், அணைத்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். தடியைத் தரையில் தட்டினார்.

"ஆஸ்சி என்று சொல்லிவிட்டுப் போனாயே! வருவதற்கு இத்தனை நேரமா?"

ஏழரை வருஷத்தை 'இத்தனை நேரம்' என்றார்! ஏதோ லேக் மார்க்கெட்டுக்குக் கறிகாய் வாங்கப் போனவள் நேரம் கழித்து வந்ததுபோல. அதற்குப் பிறகுதான் அணைத்துக்கொண்டார். நான் அழுதேன். என் கணவரும் அழுதார். நான் பார்க்க அழுதார்.

"இந்தப் பயலை எப்போது உன் முன்னால் அழவிட்டாய்?" என்று மாஷிமா என்னைக் கேட்டார்.

"நேற்று சாயங்காலம்" என்றேன்.

"நான் ஒரு நாளைக்குத்தான் தைரியமாக இருக்கச் சொன்னேன். முட்டாள், எட்டு வருஷம் இருந்திருக்கிறானே!"

அடுக்களையிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. எட்டிப் பார்த்தேன். அடுப்பின் மேல் என் இட்லிப் பானை! மாற்றலாகிக் கிளம்பியபோது மூட்டையில் அடங்காமல் அவரிடம் விட்டுவிட்டுப் போனது. இட்லித் தட்டுக்களின் குழிகளில், குழிக்கு ஒன்றாக, பிட்டே வெந்துகொண்டிருந்தது. "உன் இட்லி எனக்கு வரவில்லை, பௌமா. கல்லுக் கல்லாக வந்தது. ஆனால் பிட்டேக்கு இதைப்போல ஒரு பாத்திரம் எங்கள் பாட்டி காலத்திலும் கிடையாது. இந்தக் கட்டடத்தில் நான்கு வீட்டார் சங்கராந்திக்கு இதைக் கடன் கேட்கிறார்கள்" என்றார் பெருமையோடு.

அன்று எங்களுக்குப் பொங்கல் அந்த இட்லிப் பானையில்தான் நடந்தது. திருச்சிக்கு வீடியோவில் கூப்பிட்டோம். குழந்தை கரும்பைக் கடித்துக்கொண்டே, "யார் இந்தப் பாட்டி?" என்று கேட்டாள். என் கணவர் என்னைப் பார்த்தார். "கல்கத்தாப் பாட்டி" என்றேன். மாஷிமாவும் குழந்தையும் அவரவர் பாஷையில் பத்து நிமிஷம் பேசினார்கள். இருவரும் ஒருவரை ஒருவர் நன்றாகப் புரிந்துகொண்டதாகத்தான் தோன்றியது.

புறப்படும் நேரம் வந்தது. லிப்டின் வாசல் வரையில் தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். எனக்கு வாய் வரவில்லை. இன்னொரு தடவை சொல்லிவிட்டு வராமல் இருந்துவிட்டால்? அவருக்கு எண்பது வயது. நானோ ஆபீஸ், குழந்தை, ஸ்கூல் என்று கட்டுண்டவள். பேசாமல் நின்றேன்.

"என்ன, சொல்ல மறந்துவிட்டதா?" என்றார் மாஷிமா.

"ஆஸ்சி" என்றேன். சொல்லிவிட்டு, "பூஜைக்கு. குழந்தையை அழைத்துக்கொண்டு" என்று சேர்த்துச் சொன்னேன்.

லிப்டில் இறங்கும்போது என் கணவர், "தேதியோடு சொல்லிவிட்டாயே!" என்றார்.

"அப்படிச் சொன்னால்தான் எனக்குப் புத்தி வரும்" என்றேன்.

இரும்புக் கதவைத் தாண்டித் தெருவில் நின்று மேலே பார்த்தோம். இரண்டாவது மாடி ஜன்னலில் ஒரு வெள்ளைப் புடைவைத் தலைப்பு ஆடியது. ரோக் இருந்த இடத்தில் நின்று இரண்டு பேருமாகக் கையை ஆட்டினோம்.

நேயர்களே, கட்டுரையை ஆசிரியரிடம் கொடுத்துவிட்டேன். அதோடு குண்டூசி குத்தி ஒரு காகிதமும் கொடுத்திருக்கிறேன். பூஜைக்குப் பத்து நாள் லீவு கேட்டு எழுதிய விண்ணப்பம். கட்டுரை உங்களுக்குப் பிடித்திருந்தால் அவருக்கு ஒரு கார்டு போடுங்கள். லீவு கிடைக்க உதவியாக இருக்கும்.

போய்விட்டு வருகிறேன்.